பல் முளைக்கும் பிள்ளையின் முரசு நோவு

ஆறு மாதம் நிரம்பிய பிள்ளை ஒன்று வெளிப்படையான காரணம் எதுவுமின்றிச் சிணுங்கத் தொடங்குகிறது. கையிற் கிடைத்த பொருள் எதுவாயினும் அதனை வாயிலிட்டுக் கடிக்கிறது. வீணீர் வடிந்து சட்டையின் முன்புறம் நனைகிறது. இரவில் இருமுறை மும்முறை விழித்து அழுகிறது. வீட்டிலுள்ள அம்மம்மா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, கீழ் முரசை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, "பல்லு வருகுது, வேறை ஒண்டுமில்லை" என்று கூறிவிடுகிறார். அவர் கூறுவதன் முற்பகுதி பெரும்பாலும் உண்மையே. நூல் கல்லாதவராயினும் பத்துப் பிள்ளைகளை வளர்த்த விரலுக்கு முரசின் வீக்கம் நன்கு தெரியும். ஆயினும், "வேறை ஒண்டுமில்லை" என்ற பிற்பகுதியைச் சற்று ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். ஏனெனில் அவ்வொரு சொல்லை நம்பி மருந்தின்றி இருந்தமையால் உயிராபத்துக்குள்ளான பிள்ளைகளும் உளர்.

ஈறு என்று நூல்களிற் கூறப்படுவதையே யாழ்ப்பாணத்தார் முரசு என்பர். பால்பற்கள் இருபதும் பிள்ளை பிறந்த பின்னர் உண்டாகுபவை அல்ல. தாயின் வயிற்றிற் கரு ஏறத்தாழ ஆறு வாரத்தினதாய் இருக்கும்போதே அவற்றுக்குரிய முளைகள் தாடையில் தோன்றத் தொடங்குகின்றன. பிள்ளை பிறக்கும்போது அவை தாடை எலும்பினுள்ளே, உரிய நாளை எதிர்நோக்கி உறங்குவன போல இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. பல்லானது கத்தியைப் போல முரசைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது என்பது பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று. பல்லைச் சூழ்ந்துள்ள மெல்லிய பை ஒன்று தனக்கு மேலுள்ள எலும்பைக் கரைத்து வழி திறக்கச் செய்கிறது. மேலுள்ள முரசும் மெல்ல மெல்லத் தேய்ந்து இடங்கொடுக்கிறது. இவ்வேலை நடைபெறும்போது அவ்விடம் சற்றே சிவந்து, தடித்து, நோவெடுக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பல் வெளிவருமுன் அவ்விடத்தில் நீலநிறமான சிறு குமிழ் ஒன்று காணப்படும். அதனைக் கண்டு தாய்மார் அஞ்சுவதுண்டு. அது பல்லைச் சூழ்ந்து தேங்கிய சிறிது குருதியேயாகும். குத்தவோ கீறவோ வேண்டாம். பல் வெளிவரத் தானே மறைந்துவிடும்.

முதலில் வருவன கீழ்த்தாடையின் நடுவிலுள்ள இரண்டு வெட்டும் பற்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவை ஆறு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடையில் தோன்றும். அடுத்து மேல் நடுப்பற்கள். அவற்றின் இருமருங்கிலும் உள்ளவை அதன் பின்னர். ஒரு வயது கடந்து முதற் கடைவாய்ப் பற்களும், பின்னர் வேட்டைப் பற்களும், இரண்டு வயதளவில் தொடங்கி மூன்று வயது நிரம்புவதற்குள் இறுதிக் கடைவாய்ப் பற்களும் வந்து இருபதும் நிறைவுறும். அகலமான கடைவாய்ப் பற்கள் வரும்போதே நோவு மிகுதி என்று பல தாய்மார் கூறுவர். அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து மாதத்திற் பல் வந்துவிட்டது, தன் பிள்ளைக்கு ஒன்பது மாதமாகியும் வரவில்லை என்று வருந்துவது வீண். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்லேனும் தோன்றாவிடின் பல் வைத்தியரிடம் காட்டினாற் போதுமானது.

இனி, பல் முளைத்தலுக்கு உண்மையிலேயே உரிய குறிகள் யாவை? அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து வைத்தியர்கள் 125 பிள்ளைகளை நாள்தோறும் கவனிக்கச் செய்து, 2000 ஆம் ஆண்டில் அதன் முடிபுகளை வெளியிட்டனர். பல் வெளிப்படுவதற்கு முந்திய நான்கு நாள், வெளிப்படும் நாள், பிந்திய மூன்று நாள் ஆகிய எட்டு நாட்களிலேயே தொல்லை மிகுந்திருந்தது. கடித்தல், வீணீர் வடிதல், முரசைத் தேய்த்தல், சூப்புதல், எரிச்சலுற்று அழுதல், விழித்திருத்தல், காதைத் தேய்த்தல், முகத்திற் சிறு சிவப்பு, திண்ம உணவில் விருப்பக் குறைவு, உடற்சூட்டில் மிகச் சிறிய ஏற்றம் என்பன அவர்கள் கண்டவை. இருமல், சத்தி, வயிற்றோட்டம், கடுங்காய்ச்சல் என்பன பல்லோடு சேர்ந்து வரவில்லை. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 21 பிள்ளைகளின் 90 பற்களைத் தொடர்ந்து நோக்கிய வேறோர் ஆய்வோ, இச்சிறு குறிகளுக்குங்கூடப் பல்லோடு உறுதியான தொடர்பைக் காணவில்லை. எனவே, பல் முளைத்தல் பிள்ளைக்குச் சிறு துன்பந் தரும். பெருநோய் தராது என்பதில் இரு சாராரும் ஒத்தனர்.

வீணீரைப் பற்றி ஒரு சொல். மூன்று, நான்கு மாதத்திலேயே வீணீர் பெருகக் கண்டு பல் வந்துவிட்டது என மகிழ்வோர் உளர். அக்காலத்திற் சுரப்பிகள் முதிர்ந்து உமிழ்நீரை மிகுதியாகச் சுரக்கின்றன. அதனை உடனுக்குடன் விழுங்கும் பழக்கம் பிள்ளைக்கு இன்னும் அமையவில்லை. அவ்வளவே. பல் வருவதற்கு மேலும் பல வாரங்கள் இருக்கக்கூடும்.

நோவைத் தணிக்கும் வழிகளில் முதன்மையானதும் செலவற்றதும் தாயின் விரலே. நகத்தை ஒட்ட வெட்டி, சவர்க்காரமிட்டுக் கையை நன்கு கழுவி, சுட்டுவிரலின் நுனியால் தடித்த முரசின் மேல் மெல்ல அழுத்தி, ஓரிரு நிமிடம் முன்னும் பின்னுமாகத் தடவுதல் வேண்டும். முதலிற் பிள்ளை முகத்தைத் திருப்பும். பின்னர் தானே விரலைப் பற்றிக் கடித்துக்கொள்ளும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. அடிபட்ட முழங்காலைத் தடவினால் நோவு குறைவதும் இவ்வாறே. நோவைக் கொண்டுசெல்லும் நரம்பும் தொடுகையைக் கொண்டுசெல்லும் நரம்பும் முண்ணாணில் ஒரே வாயிலிற் சந்திக்கின்றன என்றும், தொடுகையுணர்ச்சி நோவுணர்ச்சிக்கு அவ்வாயிலை ஓரளவு அடைத்துவிடுகிறது என்றும் மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர் 1965 ஆம் ஆண்டில் விளக்கினர். தாய்மார் அதனை அதற்கு மிக முன்னரே கையால் அறிந்திருந்தனர்.

அடுத்தது குளிர்ச்சி. குளிர் பட்ட இடத்திற் குருதிக் குழாய்கள் சுருங்கி வீக்கம் தணிகிறது. நரம்பும் சற்று மரக்கிறது. தூய பருத்தித் துணி ஒன்றைக் கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்து, அதன் ஒரு மூலையைப் பிள்ளை கடிக்கும்படி கொடுக்கலாம். மறு மூலையைத் தாயே பிடித்துக்கொள்ளல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிற்கு மண்பானை போதும். கொதித்தாறிய நீரை மண்பானையில் ஊற்றிவைத்தால், அதன் நுண்டுளைகளாற் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். அந்நீரில் நனைத்த துணி முரசுக்கு இதமானது. மழுங்கிய விளிம்புள்ள சிறு கரண்டியைக் குளிரவைத்து, அதன் பின்புறத்தை முரசில் ஒற்றுவதும் நன்று. குளிர் வேறு, உறைபனி வேறு என்பதை மறத்தலாகாது. உறைபெட்டியில் இருந்து எடுத்த கரண்டியோ வளையமோ மென்மையான முரசிலும் உதட்டிலும் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். பனிக்கட்டியைப் பிள்ளையின் வாயில் வைப்பதும் தவறு. அது வழுக்கித் தொண்டையிற் சென்று அடைக்கும்.

கடிப்பதற்கென இறப்பர் வளையங்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. உள்ளே நீரோ பசையோ அடைக்கப்பட்டவற்றை விடுத்து, முழுவதும் திண்மமாய் உள்ள ஒன்றை வாங்குதல் சிறந்தது. பல் முளைத்த பிள்ளை கடித்து ஓட்டையாக்கினால் உள்ளிருப்பது வயிற்றினுள்ளே போகும். வளையம் பிள்ளையின் வாய்க்குள் முழுவதும் புகாத அளவினதாய் இருத்தல் வேண்டும். நிலத்தில் விழுந்தபோதெல்லாம் கழுவவும் வேண்டும். அது விழாதிருக்கட்டும் என்று நூலிற் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதனை உடனே நிறுத்துதல் வேண்டும். தேனையோ சீனியையோ தோய்த்துச் சூப்பியை வாயில் வைப்பதும் வேண்டா; முளைக்கும் பல்லை முளைக்கும்போதே சூத்தையாக்கும் வழி அது.

உணவிலும் இதமான வழிகள் உண்டு. ஆறு மாதம் நிரம்பிய பின்னரே இது பொருந்தும். அதற்கு முன் தாய்ப்பால் ஒன்றே பிள்ளைக்கு உணவும் நீரும் ஆகும். சற்றுக் குளிரவைத்த தயிர், மசித்த கதலி அல்லது இதரை வாழைப்பழம், மசித்த பப்பாப்பழம் என்பவற்றை முரசு நோகும் பிள்ளை, சூடான கஞ்சியைத் துப்பிவிடும் நாளிலுங்கூட விரும்பி உண்ணும். கடிக்கட்டும் என்று பச்சைக் கரட்டையோ, அப்பிள் துண்டையோ, அவித்த பனங்கிழங்கையோ கையிற் கொடுப்பது மட்டும் கூடாது. இதற்குக் காரணம் தெளிவானது. முன்புறத்தில் இரு பற்கள் முளைத்த பிள்ளைக்குக் கடித்துத் துண்டாக்க முடியும். ஆனால் அத்துண்டை அரைப்பதற்குக் கடைவாய்ப் பல் இன்னும் இல்லை. கடித்த துண்டு அவ்வாறே மூச்சுக்குழாயை நோக்கிச் செல்லும். கிழங்கிலுள்ள தும்பும் அவ்வாறே.

முரசு நோகும் நாட்களிற் சில பிள்ளைகள் பாலருந்த மறுக்கும். உறிஞ்சும்போது முரசிற்குக் குருதி மிகுதியாகப் பாய்வதால் நோவும் மிகுகிறது என்பர். முலையூட்டுவதற்கு முன்னர் குளிர்ந்த துணியால் முரசை ஒற்றிவிட்டுப் பாலூட்டினாற் பெரும்பாலும் பிள்ளை அமைதியாக அருந்தும். பல் வந்த பிள்ளை தாயைக் கடிப்பதும் உண்டு. பிள்ளையை வலிந்து இழுத்தாற் புண் பெரிதாகும். சிறுவிரலை அதன் கடைவாயிற் புகுத்தி, பற்றிய வாயை விடுவித்தலே தக்கது. இரண்டொரு நாளிற் பிள்ளை கற்றுக்கொள்ளும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் பாற்போத்தலை நாடுவது பெரும் இழப்பாகும்.

நாடியிலும் கழுத்திலும் வடியும் வீணீரைத் தேய்த்துத் துடையாமல் மென்துணியால் ஒற்றி எடுத்து, தூய தேங்காயெண்ணெயை மெல்லியதாகப் பூசிவிட்டாற் சருமம் சிவந்து வெடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளை வேண்டுவது தூக்கி வைத்திருக்கும் ஒருவரையே. தாய் களைத்த இரவில் தந்தையும் அப்பம்மாவும் முறைவைத்துத் தோளிற் போட்டு உலாவுவது எந்த மருந்திலும் குறைந்ததன்று. எதனாலும் ஆறாத இரவுக்கு மட்டும், மக்கள் பனடோல் என்று வழங்கும் பரசிற்றமோல் பாணியைக் கொடுக்கலாம். அதன் அளவைப் பிள்ளையின் நிறையைக் கொண்டே கணிப்பர். ஆகையால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்டறிந்து, அளவுக் கரண்டியால் அளந்தே கொடுத்தல் வேண்டும். பெரியோருக்குரிய குளிசையை உடைத்துக் கண்மதிப்பாகக் கொடுப்பது ஈரலைக் கெடுக்கும். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு அறவே ஆகாது.

இயற்கையானது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. தேனை எடுத்துக்கொள்வோம். முரசில் தேன் தடவுதல் பழைய வழக்கம். தேனிற் சில வேளைகளிற் கலந்திருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்திகள், ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்து மூச்சையும் நிறுத்தக்கூடும் என்பது 1976 ஆம் ஆண்டுக்குப் பின் வைத்திய உலகம் தெளிவாக அறிந்த செய்தி. வளர்ந்தோர் வயிற்றில் அவ்வித்திகள் முளைப்பதில்லை. அதனாலேயே முன்னோருக்கு இது புலப்படவில்லை. தேனில் வெண்காரத்தைக் குழைத்துத் தடவுதல் இன்னும் கேடானது. பிரித்தானியாவில் இவ்விரண்டும் கலந்த மருந்தைச் சூப்பியிற் பூசிக் கொடுத்தமையால் வலிப்புக் கண்ட பிள்ளைகளைப் பற்றி வைத்திய ஏடுகள் எழுதியுள்ளன. கராம்பெண்ணெய் வளர்ந்தோரின் பல்வலிக்கு உதவுவது உண்மை. பிள்ளையின் முரசையோ அது சுடும். விழுங்கப்பட்டால் ஈரலையும் தாக்கும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பையும் சுட்டு உரைத்து நாவில் தடவுவர். அதிலுள்ள ஒரு பொருள் விலங்குகளிற் புற்றுநோயை உண்டாக்கியமை கண்டு, 1968 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. கையில் வளையலாகக் கட்டிய வசம்பும் வாய்க்குத்தான் போகும். சாராயத்தையோ பிறண்டியையோ விரலில் தொட்டு முரசில் தடவுவோருக்குச் சொல்லவேண்டியது ஒன்றே: பிள்ளை உறங்குவது நோவு ஆறியதனால் அன்று, வெறியினால்.

அண்மைக் காலத்தில் வெளிநாடுகளில் இருந்து இன்னொரு வழக்கம் பரவியிருக்கிறது. பால்டிக் கடற்கரையில் எடுக்கப்படும் அம்பர் என்னும் பழமையான மரப்பிசின் மணிகளைக் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் அணிவிப்பர். உடற்சூட்டினால் மணியிலிருந்து நோவகற்றும் பொருள் ஊறித் தோலினுட் செல்லும் என்பது விற்போரின் கூற்று; அதற்குச் சான்று இல்லை. பதினெட்டு மாதப் பிள்ளை ஒன்று பகலில் உறங்கும்போது அம்மாலை இறுகி இறந்ததைக் குறிப்பிட்டு, 2018 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது. ஈழத்துப் பிள்ளைகள் கழுத்தில் அணியும் பஞ்சாயுதச் சங்கிலிக்கும் கறுப்பு நூலுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். படுக்கையில் விடுமுன் கழற்றி வைத்தல் நன்று.

கடை மருந்துகளின் வரலாறோ இன்னும் வருந்தத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற வின்ஸ்லோ அம்மையாரின் ஆற்றும் பாணியிற் கலந்திருந்தது அபினியின் சத்தாகிய மோர்பின். அதனை அருந்திய பிள்ளைகள் அமைதியாக உறங்கின. சில விழிக்கவே இல்லை. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் தாய்மார் வாங்கிய பல் முளைக்கும் தூளில் கலோமல் என்னும் இரச உப்பு இருந்தது. அக்காலத்திலே கையும் காலும் இளஞ்சிவப்பாகித் தோலுரிந்து, ஒளியைக் காணச் சகியாது, ஓயாது அழுது மெலியும் நோய் ஒன்று பிள்ளைகளைப் பற்றியது. கிருமியால் வருவது என்றார் சிலர். ஊட்டக்குறைவு என்றார் சிலர். 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரத்து வைத்தியர் ஜோசப் வார்க்கனி, அந்நோய் கண்ட பிள்ளையின் சிறுநீரில் இரசம் மிகுந்திருப்பதைக் கண்டார். 1954 ஆம் ஆண்டில் பிரித்தானிய உற்பத்தியாளர் தூளிலிருந்து இரசத்தை நீக்கினர். நோயும் மறைந்துபோயிற்று. பிள்ளையின் துன்பத்தைத் தீர்க்க வேண்டுமென்று தாய் தன் கையாலேயே கொடுத்த பொருள் அது என்பதே இதிற் பெருந்துயர்.

அது பழங்கதை எனத் தள்ளவும் இயலாது. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் 'மை பிக்கின்' என்னும் பல் முளைக்கும் பாணியில் டைஎதிலின் கிளைக்கோல் என்னும் நஞ்சு கலந்து 84 பிள்ளைகள் மாண்டன. முரசை மரக்கச் செய்யும் பென்சோகெயின் களிம்பு, குருதி உயிர்வாயுவைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதனை விற்கலாகாது என அமெரிக்க நிருவாகம் 2018 ஆம் ஆண்டில் அறிவித்தது. அக்களிம்பினாற் பயனும் பெரிதாய் இல்லை. பிள்ளையின் வாயில் ஓயாது ஊறும் வீணீர் அதனைச் சில நிமிடத்திற் கழுவிவிடுகிறது. முரசில் நிற்காதது வயிற்றிற்குச் செல்கிறது.

காய்ச்சலும் வயிற்றோட்டமும் பல்லினால் வருவன என்ற நம்பிக்கை ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டுப் பழைய வைத்திய நூல்களிலும் அது உண்டு. வாக்பட்டர் இயற்றிய அட்டாங்க இருதயம் பல் முளைத்தலைப் பல நோய்களுக்குக் காரணமாகக் கூறுகிறது. ஆனால் அவ்வாறு கூறிய நூலே, பல் வெளிவந்ததும் அவை தாமே அடங்கும், ஆதலாற் பிள்ளையை மிகுந்த கட்டுப்பாடுகளால் வருத்த வேண்டா என்றும் அறிவுறுத்துகிறது. ஐரோப்பியர் இவ்வளவு பொறுமை காட்டவில்லை. பதினாறாம் நூற்றாண்டிற் பிரான்சிய சத்திரவைத்தியர் அம்புறோசு பாரே முரசைக் கீறிப் பல்லுக்கு வழிவிடுமாறு எழுதினார். அதனைப் பின்பற்றி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளின் முரசு கத்தியாற் கீறப்பட்டது. 1842 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு வயதுக்குள் இறந்த பிள்ளைகளுள் 4.8 சதவீதத்தினரும், ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட வயதினருள் 7.3 சதவீதத்தினரும் பல் முளைத்தலால் இறந்தனர் என அரச பதிவேடு கூறிற்று. அவர்களைக் கொன்றவை வயிற்றோட்டம், சளிச்சுரம் முதலிய தொற்றுநோய்கள். நோயின் பெயரை எழுதவேண்டிய இடத்தில் பல்லின் பெயரை எழுதினர்.

இம்மயக்கம் தோன்றுவதற்கு ஏது உண்டு. தாயின் வயிற்றில் இருந்தபோது அவளிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சத்து, ஆறு மாதமளவில் பெரிதும் குன்றிவிடுகிறது. அதே காலத்திற் பிள்ளை தவழ்ந்து, தரையிற் கிடப்பதை எல்லாம் வாயிலிடுகிறது. அதே காலத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் நீரும் சேர்கின்றன. பல் வருவதும் அப்போதே. ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இருபது பற்கள் வருவதாயின், எந்நோய் எந்த நாளில் வந்தாலும் அதற்கு அருகில் ஒரு பல் முளைத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே பிள்ளையின் உடற்சூடு 38 பாகை செல்சியசு, அஃதாவது 100.4 பாகை பரன்ஹைற் ஆயின், பல்லை மறந்துவிட வேண்டும். இலங்கையில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுற்றோராகப் பதிவாயினர். பல்லுக் காய்ச்சல் என்று எண்ணி மூன்று நாள் வீட்டில் வைத்திருந்த காய்ச்சல் டெங்காயின், அம்மூன்று நாளும் மீளக் கிடையா. காய்ச்சலுள்ள பிள்ளைக்கு இபுபுறோபன் பாணியைக் கொடாதிருத்தல் வேண்டும் என்பதும் இதனாலேயே. டெங்கின்போது அது குருதிப்பெருக்கை மிகுவிக்கும். முரசு முழுவதும் சிவந்து வீங்கி, நாவிலும் உதட்டின் உட்புறத்திலும் சிறு புண்கள் காணப்பட்டு, காய்ச்சலும் இருப்பின் அது பல்லன்று, வைரசுத் தொற்று. காதை ஓயாது பிடித்திழுத்துக் காய்ச்சலும் இருப்பின் காதினுள்ளே சீழ் இருக்கக்கூடும்.

வயிற்றோட்டத்திற்கு நீர் கொடுப்பதே உயிர்காக்கும் முதல் மருந்து. ஜீவனிப் பொட்டலத்தை அதில் எழுதியுள்ளவாறு கொதித்தாறிய நீரிற் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே, தாய்ப்பாலை நிறுத்தாமல், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கண் குழிந்திருத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, மலத்திற் குருதி, ஓயாத சத்தி, பாலருந்த மாட்டாமை, விரைந்த மூச்சு, எழுப்பினாலும் விழியாத உறக்கம், வலிப்பு என்பவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திருத்தலாகாது.

முதற் பல் வெளிவந்தால் ஈழத்துத் தமிழர் வீடுகளில் அது கொண்டாட்டமாகும். பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளிட்டுச் சிறு கொழுக்கட்டைகள் அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பற்களைப் போல நறுக்கி அவற்றிற் பதித்து, பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலைக்கு மேலாகச் சொரிவர். முன்னே பரப்பிய ஏடு, எழுதுகோல், பொன்நகை முதலியவற்றுள் பிள்ளை எதனை எடுக்கிறது என்று உறவினர் கூடியிருந்து பார்ப்பர். பல்லுக்கொழுக்கட்டை என்னும் இவ்வழக்கம் மகிழ்ச்சிக்குரியது, கைவிட வேண்டியதன்று. கொழுக்கட்டை ஆறிய பின் சொரிதல் வேண்டும்; சொரிந்தவுடன் தேங்காய்ச் சொட்டுகளைப் பிள்ளையின் கைக்கெட்டாதவாறு பொறுக்கிவிடுதலும் வேண்டும். அரிசிப் பல்லுக்கு அவை கடிபடா, தொண்டையில் அடைக்கும்.

விருந்தினர் சென்றபின், அன்றிரவே அப்பல்லைத் துலக்கத் தொடங்கலாம். மென்மையான தூரிகையில் ஓர் அரிசிமணி அளவு, புளோரைட்டு அடங்கிய பற்பசை போதும். காலையில் ஒருமுறை, இரவு உறங்குமுன் ஒருமுறை. உறங்கும் பிள்ளையின் வாயிற் பாற்போத்தலை விட்டுவைக்காதிருந்தால், பால்பற்கள் விழவேண்டிய வயது வரையில் பழுதின்றி இருக்கும்.